பத்து பவுண்டு மாவு

கடைக்குள் நுழையும்போதே
மாவு மூட்டையை மார்போடு அணைத்திருந்தேன்.
கோதுமை மாவு, பத்து பவுண்டு.
"பிள்ளை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்,
ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு
எல்லாமே கூடுதலாகக் கனக்கும்"
என்று இங்கெரி சொல்லியிருந்தாள்.

டுலூத்தில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
ஏரி ஓரத்திலிருந்து கெட்டியாகிக்கொண்டு வந்தது.

விற்பனைப் பெண் பெயர் கியன்னா, சட்டையில் எழுதியிருந்தது.
முதலில் வயிற்றைப் பார்த்தாள்,
பிறகு மூட்டையை,
பிறகு என் பூட்ஸிலிருந்து தரைவிரிப்பில் சொட்டும் பனியை.

"அம்மா உட்காரட்டும்.
கைப்பிடி முழங்கையைத் தாங்கினால்
பால் கொடுக்கும்போது தோள் இறங்காது."

"உட்காரப்போவது அவர்" என்றாள் இங்கெரி.
"எங்கள் வீட்டில் பால் டப்பாவிலிருந்து வரும்."

காரணம் அவள் கம்பளிச் சட்டைக்குள்ளே,
இரண்டு வடுக்கள்.
நாற்காலிக் கடையில் சொல்ல வேண்டிய விஷயமல்ல.

நான் பனிவாரி வண்டி ஓட்டுகிறவன்.
பதினோரு குளிர்காலமாக
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
ஒரே இருக்கை.
இருக்கையைப் பற்றிக் கண்ணைக் கேட்கக் கூடாது,
இடுப்பைக் கேட்க வேண்டும்,
அதுவும் நாலாவது மணி நேரத்தில்.

முதல் நாற்காலி வெள்ளை. ஆளை விழுங்கியது.
கை ஊன்றாமல் எழுந்திரு என்றாள் இங்கெரி.
முடியவில்லை.
மூட்டையோடு மல்லாந்து கிடந்தேன், கவிழ்ந்த ஆமை போல.
கியன்னா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

இரண்டாவதற்கு மின்சாரம் வேண்டும்.
பொத்தானை அழுத்தினால் அதுவே ஆட்டும்.
"அப்புறம் நான் எதற்கு?" என்றேன்.
விலைச்சீட்டைத் திருப்பியபோது
அந்தக் கேள்வியும் தேவைப்படவில்லை.

மூன்றாவது கடையின் பின்கட்டில், யாரோ திருப்பித் தந்தது.
பாசிப் பச்சை. இடது கைப்பிடியில் பூனை நகம்.
உட்கார்ந்தேன்.
முதுகை யாரோ எதிர்பார்த்துக் காத்திருந்த மாதிரி இருந்தது.
குதிகாலால் லேசாகத் தள்ளினேன். போனது, வந்தது.
மூட்டையின் ஒரு மூலை கசிந்து
கறுப்புக் கோட்டெல்லாம் வெள்ளை.
"எழுந்திரு."
எழுந்தேன், கை ஊன்றாமல்.
"சரி" என்றாள்,
எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி,
அந்த நாற்காலியில் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து பார்க்காதவள்.

டோவா பிறந்து பத்தொன்பதாம் நாள்
வடகிழக்கிலிருந்து புயல்.
இருக்கிற வண்டி எல்லாம் வெளியே வரட்டும் என்று அழைப்பு.
இரவு பதினொன்றுக்குப் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

லண்டன் சாலையில் நாலு தடவை போய் வந்தேன்.
தள்ளத் தள்ள விழுந்தது.
ஒவ்வொரு திருப்பத்திலும்
பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டுப் பெட்டி சரிந்தபோது
கை தானாக நீண்டு அதைப் பிடித்தது,
தலைக்கு அடியில் பிடிப்பதுபோல.

ஏழரைக்கு வீடு.
பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு
காலுறையோடு உள்ளே போனேன்.

விளக்கு எரிந்தது.
நாற்காலி என் உயரத்துக்கு வாங்கியது.
இங்கெரி ஐந்தடி ஒன்று.
அவளுக்கு அதில் கால் தரையில் பாவாது
என்று ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

சமையலறையிலிருந்து
மாவு மூட்டையை இழுத்து வந்திருக்கிறாள்.
தரையில் அது வந்த வழி நெடுக
மெல்லிய வெள்ளைக் கோடு.
இரண்டு பாதங்களும் அதன்மேல்.
தட்டையான தன் மார்பில் டோவாவைக் கவிழ்த்துப் போட்டு
கட்டைவிரலால் மூட்டையை அழுத்தி
அழுத்தி
ஆட்டிக்கொண்டிருந்தாள், கண் மூடியபடியே.
தூங்குகிறாளா என்று தெரியவில்லை,
கால் மட்டும் தூங்கவில்லை.

"எத்தனை அங்குலம்?" என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமல்.
"பதினாறு" என்றேன்.

ஏப்ரல் முடியப்போகிறது.
அந்த மாவில் இன்னும் ரொட்டி சுடவில்லை.
நடுவில் இரண்டு குழிகள்,
அவள் பாத அளவுக்கு.
ராத்திரி என் முறை வரும்போது
அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்,
காலையில் இருந்த இடத்துக்கே திருப்பி வைக்கிறேன்.